மூன்று மீட்டரில் நின்ற அந்த நாலு நாள்: மகேந்திரகிரிக்கு ஒரு திறந்த மடல்

ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோவின் மகேந்திரகிரி உந்துவிசை வளாகத்தில் பணிபுரியும் விஞ்ஞானிகளுக்கும், பொறியாளர்களுக்கும், தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் மலைக்குக் கீழே, பணகுடி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிறந்து வளர்ந்ததும் இந்தப் பக்கம்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலைப்பக்கம் இருந்து திடீரென்று ஓர் உறுமல் வரும். எங்கள் ஆச்சி முற்றத்தில் காயப்போட்ட வத்தலை வாரிக்கொண்டே, "ஏட்டி, மேக்க இடி இடிக்கு, துணிய எடு" என்பாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. அது எஞ்சின் சோதனை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆச்சி கடைசிவரை அதை இடி என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

இன்று என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது இடி இல்லை என்று தெரியும். ஆனால் அதற்கு மேல் அதிகம் தெரியாது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. அதில் போனவை ஸ்பேடெக்ஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றும் 220 கிலோ அளவு. படம் எடுக்கவோ டிவி ஒளிபரப்பவோ போனவை அல்ல. விண்வெளியில் ஒன்றையொன்று தேடிப்போய் இணைய முடியுமா, இணைந்த பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் கொடுக்க முடியுமா, பத்திரமாகப் பிரிய முடியுமா என்று பார்ப்பதற்காக மட்டும் அனுப்பியவை. முழுக்க முழுக்கச் சோதனை. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி 2 பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் அந்த இரண்டுக்கும் உடனே பெயர் வைத்துவிட்டார்கள். துரத்திப் போவது தங்கச்சி, காத்திருப்பது அக்கா.

அதே ராக்கெட்டில் இன்னொன்றும் போனது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டம், அதாவது அதன் கடைசிப் பகுதி, தன் வேலை முடிந்ததும் வெறும் குப்பையாகச் சுற்றாமல், 24 ஆய்வுக் கருவிகளைச் சுமந்துகொண்டு போயம்-4 என்ற பெயரில் 350 கிலோமீட்டர் உயரத்தில் வேலை செய்தது. அந்த 24இல் ஒன்று, மூடிய பெட்டிக்குள் எட்டு விதை. என்ன விதை தெரியுமா என்று கேட்டேன். நெல், கத்தரி, தக்காளி என்று அடுக்கினார்கள். தட்டப்பயறு என்றதும் வகுப்பே சிரித்தது. சென்னைப் பக்கம் காராமணி என்பார்கள். எங்களுக்கு அது தட்டப்பயறுதான். வீட்டில் வாரம் ஒருநாள் குழம்பில் கிடக்கிற பயறு ராக்கெட்டில் போயிருக்கிறது என்றால் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்! அன்றைக்கே ஆளுக்கு எட்டு விதை சிரட்டையில் போட்டோம்.

விண்வெளியில் நான்கு நாளில் முளைத்துவிட்டது என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் எங்கள் சிரட்டைகளிலும் முளை. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அங்க கீழன்னு ஒண்ணு கிடையாதே, வேரு எந்தப் பக்கம் போகும்?" என்றான். இருபத்திரண்டு வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஈரமும் வெளிச்சமும் வழிகாட்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவன் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாமல் உட்கார்ந்த அந்த முகம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்த நான்காம் கட்டத்தின் எஞ்சின் எந்த மலையடிவாரத்தில் சோதிக்கப்படுகிற வகை என்று அப்புறம் சொன்னேன். இரண்டாம் கட்டத்தின் விகாஸ் எஞ்சினும் அப்படித்தான் என்றேன். ஜன்னல் வழியாக எல்லோரும் மலையைத் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் பார்க்கிற மலைதான். அனுமன் இலங்கைக்குத் தாவிய மலை என்று ஊரில் சொல்லிக் கேட்ட மலைதான். ஆனாலும் அன்றைக்குப் பார்த்த பார்வை வேறு.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஜனவரி 7 இணைப்பு என்று அறிவித்திருந்தார்கள். 9ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. தரையில் இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றார்கள். 8ஆம் தேதி இரவு, 500 மீட்டர் இடைவெளியை 225 மீட்டராகக் குறைக்கும்போது எதிர்பார்த்ததைவிட விலகல் அதிகமாக இருந்தது. மறுபடியும் தள்ளிவைத்தார்கள். 10ஆம் தேதி காலை ஒரு பிள்ளை வாடிய முகத்தோடு வந்து, "டீச்சர், தோத்துட்டாங்களாம்லா, டிவியில போட்டான்" என்றாள். ஏதோ ஒரு சேனலில் அப்படி ஓடியிருக்கிறது. தோல்வி என்று ஒரே வார்த்தை. பிள்ளைகள் மனசில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் எத்தனை சொல்லியும் பாதிப் பேர் நம்பவில்லை. டிவியில் சொன்னது பெரிசா, டீச்சர் சொன்னது பெரிசா?

12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் 15 மீட்டர் வரை வந்தன. அப்புறம் மூன்று மீட்டர். கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். அங்கிருந்து இணையாமல் பத்திரமான தொலைவுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கிடைத்த தகவல்களை ஆராய்ந்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவோம் என்று அறிவிப்பு.

திங்கட்கிழமை பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். பாடம் நடத்துகிற மனநிலை யாருக்கும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போனேன். டேப் பிடித்து 15 மீட்டர் அளந்து ஒரு சாக்பீஸ் கோடு, 3 மீட்டரில் ஒரு கோடு. 225 மீட்டர் என்பது எங்கள் கேட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப் வரை போகிறது. ஒரு பிள்ளை அக்கா, ஒரு பிள்ளை தங்கச்சி. தொடும்போது வேகம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் அளவுதான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த வேகத்தில் மூன்று மீட்டரை நடந்து கடக்க ஐந்து நிமிடம் ஆகும். நடந்து பாருங்கள் என்றேன்.

முதலில் சிரிப்பு. ஒரு நிமிடத்தில் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் பாதத்தைப் பாதி விரல், பாதி விரலாக நகர்த்துகிறாள். கால் நடுங்குகிறது, உடம்பு சாய்கிறது. எறும்பு அவளை முந்திக்கொண்டு போகிறது. சுற்றி நின்ற நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடவில்லை. ஐந்து நிமிடம் கழித்து இரண்டு உள்ளங்கையும் தொட்டபோது எழுந்த சத்தத்தில் தலைமை ஆசிரியர் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

பிறகு சொன்னேன். நீ நின்ற தரை நகரவில்லை. அங்கே இரண்டுமே விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவிலுக்கு நாம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து போகிறோமே, அதைப் பத்துப் பன்னிரண்டு விநாடியில் கடக்கிற வேகம். முன்னால் போவதைப் பிடிக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினால் சுற்றுப்பாதை பெரிதாகி, மேலே ஏறி, இன்னும் பின்தங்கிவிடும். ஒவ்வொரு தள்ளலும் கணக்குப் பார்த்துத்தான். 475 கிலோமீட்டர் உயரம் என்பது நமக்குச் சென்னை இருக்கிற தூரத்தைவிடக் குறைவுதான். ஆனால் அங்கே கைகொடுத்து நேராக்க ஆள் கிடையாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு உவமை போதும், அதைத்தான் சொன்னேன். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேர். ரதவீதிகளில் ஆயிரம் பேர் வடம் பிடித்து ஆரவாரமாக இழுத்து வருவார்கள். அதெல்லாம் எல்லோரும் பார்க்கிற காட்சி. தேர் நிலைக்கு வரும் கடைசிப் பத்தடியில் ஆரவாரம் குறையும். அங்கே வேலை சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர்களுடையது. ஒரு கட்டை தப்பினால் அத்தனை கனமும் எங்காவது போய் இடிக்கும். கொஞ்சம் இழு, நிறுத்து, கட்டையைத் தள்ளு, பார், மறுபடி இழு. அந்தக் கடைசிப் பத்தடியில் தேர் நின்றதைப் பார்த்து "தேர் ஓடவில்லை" என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நிலைக்கு வருகிறது என்பார்கள். மூன்று மீட்டரில் நின்றதும் அதுதான் என்றேன். அப்போதுதான் பிள்ளைகளுக்கு அந்தத் தோல்வி என்ற சொல் கழன்று விழுந்தது.

16ஆம் தேதி, காணும் பொங்கல் அன்று காலை இணைந்துவிட்டன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடு. நான் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கு மேல் இருக்கும், தங்கச்சியாக நடித்த பிள்ளை தெரு முனையில் இருந்தே, "டீச்சர், தொட்டாச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

அப்புறம் மார்ச் 13 பிரிந்ததும், ஏப்ரல் 20 இரண்டாம் முறை இணைந்ததும், மறுநாள் ஒன்று மற்றொன்றின் சூடேற்றிக்கு மின்சாரம் கொடுத்ததும் எல்லாம் கரும்பலகையில் ஏறியது. இரண்டாம் முறை 15 மீட்டரில் இருந்து நேரே போய் இணைந்தது, மூன்று மீட்டரில் நிற்கவே இல்லை. "பழகிட்டு டீச்சர்" என்றான் ஒருவன். நான்கு நாள் நின்று யோசித்ததற்குக் கிடைத்த பலன் அது. எந்தப் புத்தகத்திலும் இந்தப் பாடத்தை நான் இப்படி நடத்தியிருக்க முடியாது.

இங்கேதான் உங்களிடம் என் கோரிக்கை வருகிறது.

ஸ்பேடெக்ஸைக் கட்டியதும் இயக்கியதும் பெங்களூரு என்று எனக்குத் தெரியும். மகேந்திரகிரிக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கு அருகில் இருப்பது நீங்கள். எங்கள் பிள்ளைகள் காதில் விழுகிற சத்தம் உங்களுடையது. சோதனை என்பதே உங்கள் அன்றாடத் தொழில்.

அக்டோபரில் உலக விண்வெளி வாரத்தை ஒட்டி நீங்கள் பள்ளிகளுக்குப் போட்டியும் கண்காட்சியும் நடத்துகிறீர்கள். எங்கள் பிள்ளைகளும் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள், அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அங்கே அவர்கள் பார்ப்பது முடிந்துபோன வெற்றிகளை. சந்திரயான் மாதிரி, ராக்கெட் மாதிரி, பளபளவென்று. எல்லாம் எப்போதும் சரியாகவே நடந்ததுபோல ஒரு எண்ணம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. அப்புறம் கணக்கில் 35 மார்க் வாங்கிய பிள்ளை, இது நமக்கான இடம் இல்லை என்று தானே முடிவு செய்துகொள்கிறது.

ஆகவே கேட்கிறேன். முடிந்த பிறகு வராதீர்கள், நடக்கும்போதே வாருங்கள். விடை உங்களுக்கே தெரியாத நேரத்தில் வாருங்கள்.

உதாரணம் உங்கள் மலையிலேயே இருக்கிறது. 2023 ஜூலை 1 அன்று செமி கிரையோஜெனிக் எஞ்சினின் முதல் சூடான சோதனை, அதாவது எரிபொருள் எரிய ஓட்டிப் பார்க்கும் சோதனை, நடந்தது. 200 டன் உந்துவிசை தரப்போகிற எஞ்சின். உந்துவிசை தரும் முக்கிய எரியறை இல்லாமல், பம்புகளும் டர்பைனும் உள்ள பகுதியை மட்டும் வைத்துச் சோதித்தீர்கள். நான்கரை விநாடி ஓட வேண்டும். 1.9 விநாடி வரை கணக்குப்படி ஓடியது. இரண்டாவது விநாடியில் டர்பைன் அழுத்தம் திடீரென்று எகிறி, அதன் வேகம் விழுந்தது. அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டீர்கள். அப்புறம் 2025 மார்ச் 28 அன்று அதே மலையில் மறுபடி ஓட்டி, இரண்டரை விநாடி நன்றாக ஓடியது. நடுவில் இருபது மாதத்துக்கு மேல்!

அந்த இருபது மாதத்தை எங்களுக்குச் சொல்லுங்கள் என்கிறேன். அரை விநாடியைத் தேடி இருபது மாதம் என்ன செய்தீர்கள்? எதைக் கழற்றினீர்கள், எதைச் சந்தேகப்பட்டீர்கள், எந்தச் சந்தேகம் தப்பாகப் போனது? அந்த எஞ்சினின் எரிபொருள் சுத்திகரித்த மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ரேஷன் கடையில் பாட்டில் பிடித்து நின்றிருக்கிறார்கள். அதோடு மைனஸ் 183 டிகிரியில் இருக்கிற திரவ ஆக்ஸிஜன் சேர்கிறது. ஒரு பக்கம் அவர்கள் வீட்டுப் பொருள், இன்னொரு பக்கம் அவர்களால் நினைத்துப் பார்க்க முடியாத குளிர். ஓர் அறிவியல் ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ரகசியங்களை யாரும் கேட்கவில்லை. நாட்டுக்கு எது சொல்லக்கூடாதோ அதைச் சொல்ல வேண்டாம். மேலே நான் எழுதியதெல்லாம் இஸ்ரோவே வெளியிட்ட செய்தி. ஆனால் நான் படித்தது ஆங்கிலத்தில். இரவு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி, மறுநாள் கரும்பலகையில் எழுதினேன். டர்பைனுக்கும் உந்துவிசைக்கும் நான் சொல்வது சரியா, தப்பா என்று கேட்க ஆள் இல்லை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அரைப் பக்கம், எளிய தமிழில், இந்த வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்பினால் போதும். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, அடுத்து என்ன. சோதனைக்கு முந்தைய நாள் பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர் பள்ளிகளுக்கு ஒரு தகவல் வந்தால், அந்த உறுமல் கேட்கும்போது நான் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து விநாடியை எண்ணுவேன்.

வருகிறவர் பெரிய அதிகாரியாக இருக்க வேண்டும் என்றில்லை. உண்மையைச் சொன்னால், வெல்டிங் செய்கிறவர், வால்வு மாட்டுகிறவர், ஐ.டி.ஐ. படித்துவிட்டு உள்ளே போன தொழில்நுட்பப் பணியாளர் வந்தால் எங்களுக்கு இன்னும் நல்லது. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், வரவேற்புரை வேண்டாம். பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசினால் போதும். பள்ளிக்கு வர வசதிப்படவில்லை என்றால் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, நாங்கள் பஸ் பிடித்து அங்கே வந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அடிக்கல் நாட்டினார்கள். 1986க்கு முன் அதுவும் நம் திருநெல்வேலி மாவட்டம்தான். இலங்கையைச் சுற்றி வளையாமல் தெற்கே நேராக அனுப்பலாம் என்பதால் சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த இடம். அங்கிருந்து கிளம்பினால் எங்கள் பிள்ளைகள் வானத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். எல்லாம் முதல் தடவையே சரியாகப் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் முதல் பயணம் சரியான பாதையைச் சேரவில்லை. அதில் நாடு முழுவதும் இருந்து 750 பள்ளி மாணவிகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட் செயற்கைக்கோளும் போய்விட்டது. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதைக்குப் போனது. கடற்கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற ஒரு கூட்டம் நாளைக்கு ஒரு ராக்கெட் தவறும்போது கைகொட்டிச் சிரிக்குமா, அல்லது இப்போது என்ன தேடுவார்கள் என்று பேசிக்கொள்ளுமா? அது இன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

எங்கள் ஆச்சிக்கு ஒருவர் வந்து, "ஆச்சி, அது இடி இல்ல, எஞ்சின்" என்று சொல்லியிருந்தால், வத்தலை அள்ளாமல் மலையைப் பார்த்து நின்றிருப்பாள். அவள் அப்படிப்பட்ட மனுஷி.

உங்களுக்கு எழுதப்போகிறேன் என்றதும் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் நாற்பது. எல்லாவற்றையும் இங்கே எழுத இடமில்லை, வரும்போது கையில் தருகிறேன். ஒன்றை மட்டும் முதலில் கேட்கச் சொன்னார்கள். 2023இல் இரண்டாவது விநாடியில் நிறுத்தினீர்களே, நிறுத்தியது ஆளா, கம்ப்யூட்டரா? ஆள் என்றால், அவருக்கு அப்போது கை நடுங்கியதா?

இப்படிக்கு,
பணகுடி வட்டாரத்து அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு